அப்புக்காத்துமாரிடம் கேட்காத கேள்வி

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாராளுமன்றத் தேர்தலுக்கு நிற்கிற பெண் சட்டத்தரணியிடம் "தங்கச்சி, கோட்டில வழக்கு வாறேல்லையோ, இஞ்சால வந்து நிக்கிறீர்?" என்று மைக்கில் கேட்டதும், முன்வரிசை முழுக்கச் சிரித்ததும் இரண்டு நாளாக என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

ஜீ.ஜீ. பொன்னம்பலத்திடம் இதை யார் கேட்டது? செல்வநாயகத்திடம்? எங்கள் தலைவர்கள் அமிர்தலிங்கம், சிவசிதம்பரம் தொடங்கி சுமந்திரன், கஜேந்திரகுமார் வரை கறுப்புக் கோட்டோடு வந்தவர்கள்தானே. ஈழத்தமிழர் எங்கள் அரசியலே அப்புக்காத்துமாரின், அதாவது வழக்கறிஞர்களின், அரசியல். ஆண் வந்தால் சட்டம் தெரிந்த மனுசன். பெண் வந்தால் வழக்கில்லாமல் வந்தவ.

எனக்கு அவவை மேடையில் தெரியாது, கோட்டு விறாந்தையில்தான் தெரியும். அம்மா தந்த சீதனக் காணி நாலு பரப்பை மகளின் படிப்புக்கு விற்கப் போனேன். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு உறுதியைத் திருப்பித் தந்துவிட்டார். கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மனைவி தன் சொந்தக் காணியை விற்க முடியாதாம். தேசவழமை என்கிற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு 1911இல் எழுதிய சட்டம். என்ரை மனுசன் எங்கே இருக்கிறார் என்றே ஒன்பது வருசமாகத் தெரியாது. நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம் என்று சொன்னது அவதான். வாங்கில் இருந்து மடியில் பேப்பரை வைத்து எழுதினா. "கைவிட்டிட்டுப் போனார்" என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, நான் சொல்லுமட்டும் பேசாமல் இருந்தா.

இந்தச் சம்மத விதி எங்கள் அப்புக்காத்துமார் எல்லாருக்கும் தெரியும். நூறு வருசம் தாண்டியும் அப்படியே கிடக்கிறது.

பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டில் 2018இல் பிரதேச சபைக்குள் நுழைந்தவவாம். சரி, ஒதுக்கீடு வர முதல் எத்தனை பெண்களை உள்ளே விட்டீர்கள்?

"ஆற்றை ஆள் உவ?", யாருடைய ஆள் இவ என்று, வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் நெஞ்சில் குத்தியது. 1998இல் யாழ் மாநகர முதல்வராகி அந்த ஆண்டு மே மாதமே சுட்டுக் கொல்லப்பட்ட சரோஜினி யோகேஸ்வரன், விஜயகலா மகேஸ்வரன், சசிகலா ரவிராஜ் எல்லாரும் கணவனைப் பறிகொடுத்து வந்தவர்கள். அனந்தி சசிதரன் காணாமல் போன கணவனைத் தேடிக்கொண்டு வந்தவர். அவர்கள் பட்டது கொஞ்சமா? ஆனால் புருசன் செத்தால்தான், காணாமல் போனால்தான் எங்கள் கண்ணுக்கு ஒரு பெண் தலைவியாகத் தெரிவாளா? படித்து, வழக்காடி, தன் பெயரோடு வந்தால் ஆற்றை ஆளோ?

பாராளுமன்றம் போனால் எடுத்த வழக்குகளை ஆர் பார்ப்பது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. என்னுடையதும் அதில் ஒன்று. அடுத்த தவணை வருகிற மாதம். நேற்றிரவு கோல் எடுத்து, "அக்கா, தவணைக்கு நான் வருவன், மூல உறுதியை மறக்காமல் கொண்டு வாங்கோ" என்றா. அந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. குரல் மட்டும் அடைத்திருந்தது.