மந்தநிலையும் பெரியவர்களின் நீச்சலும்: ஒரு திருத்தம்

“பொருளாதாரம் சரிந்தால் பெரியவர்கள் நீந்துவதையே விட்டுவிடுகிறார்கள்; நீச்சல் மன்றங்களின் உறுப்பினர் பட்டியல் சுருங்குவதே அதற்குச் சான்று” என்ற கூற்று உறுப்பினர் சேர்க்கையையும் நீந்தும் பழக்கத்தையும் ஒன்றாகக் குழப்புகிறது. ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காத ஒருவர் அதே குளத்திற்குப் பொது நேரத்தில், அன்றன்றைக்குக் கட்டணம் செலுத்தி வரக்கூடும். அவர் பெயர் மன்றப் பட்டியலில் இராது, ஆனால் அவர் தண்ணீரில்தான் இருக்கிறார். அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் கிறிஸ்டோபர் ரூம், மந்தக் காலங்களில் ஓய்வுநேர உடற்பயிற்சி கூடுவதாக 2005இல் எழுதினார். அது நீச்சலை மட்டும் பற்றிய ஆய்வன்று. எனினும், வருமானம் குறையும்போது உடற்பயிற்சியும் தானாகவே குறையும் என்ற எண்ணத்தை அது மறுக்கிறது.

உண்மையான நெருக்கடி வேறிடத்தில் இருக்கிறது. 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட குளத்தில் 2,500 கன மீட்டர் நீர் உள்ளது. அதன் வெப்பநிலையை ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தவே ஏறத்தாழ 2,900 யூனிட் வெப்ப ஆற்றல் வேண்டும். நீந்துவோர் ஆறு பேரானாலும் அறுபது பேரானாலும் இந்தச் செலவு ஏறக்குறைய மாறுவதில்லை. எனவே, ஆறு பேர் பகிர்ந்துகொண்ட ஒரு நீச்சல் தடத்தின் வாடகையை நால்வர் சுமக்க நேர்ந்தால், ஒவ்வொருவரின் பங்கும் ஒன்றரை மடங்காகிறது. அந்த உயர்வைத் தாங்க முடியாமல் ஐந்தாமவரைப் போலவே நான்காமவரும் விலகுகிறார். ஆர்வம் வற்றியதாக அவர்கள்மேல் பழி போடுவது, என் பார்வையில், பெரும் அநீதி.