ஒரு வாரியம் மக்களிடம் கட்டணம் கேட்டால், அந்தப் பணத்தை வாங்கச் சட்டத்தின் எந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது?

சட்டம் போட்டு உருவாக்கிய வாரியம் அரசாங்கமே ஆகிவிடாது. அந்தச் சட்டம் எதைக் கொடுத்ததோ அது மட்டும்தான் அதன் அதிகாரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வசூலித்தாலும் அத்துமீறல்தான்.

அஸ்தம்பட்டியில் இருக்கும் என் பெரியம்மா, பெரியப்பா தவறிய பிறகு பெயர் மாற்றத்துக்காக ஒரு வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றக் கட்டணம் கட்டிய ரசீது எல்லாம் மஞ்சப்பையில் பத்திரமாக இருக்கின்றன. இப்போது ‘மேம்பாட்டுக் கட்டணம்’ என்று தனியாக ஒரு தொகை கேட்கிறார்கள். எந்தச் சட்டப்படி என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஒரு சுற்றறிக்கையின் ஜெராக்ஸை நீட்டினார். மேலே கோப்பு எண், கீழே கையெழுத்து. எந்தப் பிரிவின் கீழ் என்ற வரியே இல்லை. எழுபது வயதைத் தாண்டியவரை இப்படி அலைக்கழிப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

இதே மாதிரி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம், கட்டட அனுமதி கேட்டவர்களிடம் வளர்ச்சிக் கட்டணம் வசூலித்தது. ஆணையத்தை உருவாக்கிய மூலச் சட்டத்தில் அதற்கு வெளிப்படையான அதிகாரம் இல்லை. வளர்ச்சிப் பணி எங்கள் பொறுப்பென்றால் அதற்குப் பணம் வாங்கும் அதிகாரமும் அதிலேயே அடக்கம் என்று வாதாடினார்கள். 1992இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

சரி, சட்டத்தில் எழுதாத எதையுமே வாரியம் செய்யக் கூடாதா? அப்படியும் இல்லை. கொடுத்த வேலையைச் செய்யத் தேவையான துணை அதிகாரங்கள் உண்டு என்று இங்கிலாந்தில் 1880இலேயே கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே வழக்கில் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்துக்கு வாடகை இடம் பிடிக்கவும் வக்கீல் வைக்கவும் தனிப் பிரிவு தேட வேண்டியதில்லை. ஆனால் மக்களிடம் புதிதாக ஒரு கட்டணம் விதிப்பதைத் துணை வேலை என்று சொல்லவே முடியாது.

அப்புறம் 1975இல் நம் உச்ச நீதிமன்றத்தில் வந்த சுக்தேவ் சிங் தீர்ப்பு. எல்ஐசி, ஓஎன்ஜிசி மாதிரியான நிறுவனங்கள் தங்கள் மூலச் சட்டத்தின் கீழ் போடும் ஒழுங்குமுறைகளுக்குச் சட்டத்தின் வலு உண்டு, அவை அந்த நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும் என்றது. மூலச் சட்டத்தின் துணையே இல்லாத சுற்றறிக்கைக்கு அந்த வலு எங்கிருந்து வரும்?

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் பெரியம்மா பெயரில் மனு போட்டிருக்கிறோம். கேட்டது இரண்டே விஷயம்: கட்டணத்துக்கு அதிகாரம் தரும் சட்டப் பிரிவு எது, அது குறித்த அரசிதழ் அறிவிப்பின் நகல். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். உங்களிடமும் இப்படிக் கேட்டு, அவசரத்துக்குக் கட்டியே ஆக வேண்டிய நிலை என்றால், ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கி வையுங்கள்.