கார்பன் கிரெடிட் கொடுங்கள், ஆனால் அடிப்படை அளவை ஆலையின் கையில் விடாதீர்கள்

நைட்ரிக் அமில ஆலையின் புகைபோக்கியில் பழுப்புப் புகை வந்தால் ஊரே பார்க்கும், புகார் போகும். அதே புகைபோக்கியில் வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு நிறமே கிடையாது, யாரும் கேட்பதில்லை. புவியைச் சூடாக்குவதில் அதில் ஒரு டன், நூறாண்டுக் கணக்கில் 273 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பழுப்புப் புகைக்காக வைக்கும் வழக்கமான அமோனியா சுத்திகரிப்பு இதைத் தொடாது.

இது உருவாகும் இடம் பர்னர். பிளாட்டினம்-ரோடியம் வலையின் மேல் சுமார் 850 முதல் 900 டிகிரி வெப்பத்தில் அமோனியா எரியும்போது பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடாகிறது, கொஞ்சம் தடம் மாறி நைட்ரஸ் ஆக்சைடாகிவிடுகிறது. நடுத்தர அழுத்த ஆலையில் டன் அமிலத்துக்கு ஏறக்குறைய 7 கிலோ. நாளுக்கு 1,000 டன் அமிலம் எடுத்தால் தினமும் 1,911 டன் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம்.

தடுப்பது கடினமில்லை. வலைக்கு நேர் கீழே உள்ள கூடையில் நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் கேட்டலிஸ்டை (வினையூக்கியை) கொட்டினால் 80-90 சதவீதம் குறையும். வெப்பத்தில் கூடை வளைந்து விளிம்பில் இடைவெளி விழுந்தால் மட்டும் வாயு கேட்டலிஸ்டைத் தொடாமல் நழுவிப் போய்விடும். எனவே ஷட்டவுனில் வலை மாற்றும்போதெல்லாம் விளிம்பு அடைப்பைச் சரிபார்த்தே ஆக வேண்டும். ஆலையின் கடைசி வாயுவில் தனி ரியாக்டர் வைத்தால் 98 சதவீதம் வரை போகலாம், ஆனால் அந்த வாயு போதிய சூட்டில் இருக்க வேண்டும், முதலீடும் அதிகம்.

சிக்கல் பணத்தில் வருகிறது. இந்தக் கேட்டலிஸ்டால் ஆலைக்கு ஒரு பைசா லாபம் இல்லை. அதனால்தான் கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய்மை மேம்பாட்டுத் திட்டத்தில் இதற்குக் கிரெடிட், அதாவது குறைத்த ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கும் விற்கக்கூடிய ஒரு சான்று, கொடுத்தது சரி என்று நினைக்கிறேன்.

கோளாறு நடந்தது அடிபிக் அமிலத்தில். நைலானுக்கான மூலப்பொருள் அது. டன்னுக்கு 270 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வரை கணக்கில் ஏற்றார்கள், இன்று 273 என்று சொல்லும் சமமதிப்பு அன்றைய கணக்கில் 310. ஆக ஒரு டன் அமிலத்துக்குச் சுமார் 84 கிரெடிட். கிரெடிட் 12 யூரோ என்றால் ஆயிரம் யூரோ! அழிக்க ஆகும் செலவோ கிரெடிட்டுக்கு ஒரு யூரோ அளவுதான். கிரெடிட் வாங்கும் ஆலைகளுக்கு உற்பத்தி நகர்ந்ததை ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் 2010 ஆய்வு காட்டியது. 2013 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கிரெடிட்டுகளை ஏற்க மறுத்தது.

நைட்ரிக் அமிலத்திலும் ஓட்டை உண்டு. கேட்டலிஸ்ட் வைக்குமுன் ஒரு வலையின் ஆயுள் முழுக்க அளந்துதான் அடிப்படை அளவை, அதாவது குறைப்பை ஒப்பிடும் தொடக்க எண்ணை, எடுத்தார்கள். வெப்பத்தையோ அமோனியா விகிதத்தையோ மாற்றினால் அந்த எண் ஏறும், கிரெடிட்டும் கூடும். வலை தேயத் தேயவும் ஏறும். அதனால்தான் இயக்க வரம்புகளையும் விதியில் எழுத வேண்டி வந்தது. என் கருத்தில் அந்த முறையே வேண்டாம். எல்லா ஆலைக்கும் பொதுவான ஒரு அளவுகோல், ஆண்டுக்காண்டு இறங்குவதாக, வைத்துவிடலாம். புகைபோக்கியில் தொடர் அளவீடு கட்டாயம்.

அதோடு கிரெடிட்டுக்கு முடிவுத் தேதியும் வேண்டும். 2012 இறுதியில் விலை ஒரு யூரோவுக்கும் கீழே சரிந்தபோது, தேய்ந்த கேட்டலிஸ்டை மாற்ற ஆலைக்கு என்ன காரணம் மிச்சம் இருந்தது? ஜெர்மனி 2015-ல் தொடங்கிய நைட்ரிக் அமிலக் காலநிலை முயற்சி இதைப் புரிந்துகொண்டது: கருவிக்குப் பணம் தருவோம், அதன் பிறகு குறைப்பைத் தொடர்வது உங்கள் பொறுப்பு என்று ஆலை இருக்கும் நாட்டின் அரசிடம் முதலிலேயே எழுதி வாங்குகிறார்கள்.