பூட்டுக்குத் தனி விலை, சாவிக்குத் தனி அலைச்சல்

ஒரு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டி, ஊழியர்கள் அனைவரையும் அதில் ஏற்றி, நிறுவனத்தின் அன்றாட வேலையே அதை நம்பி நடக்கத் தொடங்கிய பிறகுதான், ஒரே கணக்கால் எல்லா மென்பொருளிலும் நுழையும் ஒற்றை உள்நுழைவு வசதி, பெரிய நிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ் திட்டத்தில் மட்டுமே உண்டு என்ற வரி விலைப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் கிடப்பது கண்ணில் படுகிறது. அந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று தேடினால் தொகை இல்லை. "விற்பனைப் பிரிவைத் தொடர்புகொள்ளவும்" என்ற பொத்தான்தான் இருக்கிறது. தொடர்புகொண்டால், நாங்கள் கேட்காத தனிக் கணக்கு மேலாளர், காலாண்டு ஆலோசனைக் கூட்டம், கூடுதல் சேமிப்பிடம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டையாக அது வருகிறது. விலையோ இப்போது கட்டுவதைப்போலப் பல மடங்கு. வீட்டுக் கதவுக்கு ஒரு பூட்டு வேண்டும் என்று கேட்டவனிடம், மேலே இரண்டு மாடி கட்டிக்கொண்டால் பூட்டுத் தருகிறோம் என்று சொல்லும் வியாபாரம் இது.

ஒற்றை உள்நுழைவு ஆடம்பரம் அன்று. ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம், அதற்கு ஓரிடத்தில் கண்டிப்பான இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அந்த ஓரிடத்தில் கணக்கை முடக்கினால் மற்ற வாசல்களிலும் நுழைய முடியாமல் போவது என்பதுதான் அதன் பயன். அது இல்லாத அலுவலகத்தில், எல்லா மென்பொருளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு அதையும் எக்செல் கோப்பில் எழுதிவைக்கும் பழக்கம்தான் வளரும். உள்நுழைகிறவர் யார் என்பதை ஒரு மென்பொருள் மற்றொன்றுக்குச் சொல்வதற்கான சாம்எல் 2.0 தரநிலையை, தரநிலைகளை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு 2005 மார்ச்சிலேயே ஏற்றுக்கொண்டது. இதே வேலைக்கான ஓபன்ஐடி கனெக்ட் 2014 பிப்ரவரியில் வந்தது. இரண்டும் யாருக்கும் உரிமைத் தொகை கட்டத் தேவையில்லாத திறந்த தரநிலைகள். பரவலாகப் புழங்கும் நிரல்மொழிகள் எல்லாவற்றிலும் இவற்றுக்கு ஆயத்த நிரல்களான லைப்ரரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, பிற நாட்டு முகமைகளோடு சேர்ந்து 2023 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டியில், இந்த வசதி கூடுதல் கட்டணம் இன்றி இயல்பாகவே கிடைக்க வேண்டும் என்று எழுதியது. சிறு, நடுத்தர நிறுவனங்கள் இதை ஏன் கைக்கொள்ள முடியவில்லை என்று ஆராய்ந்து 2024 ஜூனில் தனி அறிக்கையே வெளியிட்டது. துறைக்குள் இந்தக் கூடுதல் கட்டணத்துக்கு, ஒற்றை உள்நுழைவின் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து, எஸ்எஸ்ஓ வரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. எந்த நிறுவனம் அடிப்படை விலைக்கு மேல் எத்தனை விழுக்காடு ஏற்றி வாங்குகிறது என்று பட்டியலிடுவதற்கென்றே ஓர் இணையதளம் இருந்தும் யாருக்கும் வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை.

விற்பனைப் பிரிவினர் இதற்குச் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். இதை அமைக்கும்போது வாடிக்கையாளர்கள் நிறையச் சிக்கிக்கொள்கிறார்கள், சப்போர்ட் செலவு கூடுகிறது, அந்தச் செலவைத்தான் வாங்குகிறோம் என்பார்கள். சிக்கிக்கொள்கிறார்கள் என்பது முழு உண்மை. ஏன் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது அவர்களுடைய அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தவுடன் விளங்கிவிடும். அரைகுறையாகக் கட்டிவைத்ததன் செலவை எங்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பிரீமியம் என்று பெயரும் வைப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஊழியர் யார் என்று உறுதிசெய்து அடையாளம் வழங்கும் பக்கமும், அதை நம்பி உள்ளே விடும் மென்பொருள் பக்கமும் ஒன்றைப் பற்றி மற்றொன்று அறிந்துகொள்ள வேண்டியவை மிகச் சில: ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், இவர் இன்னார் என்று சொல்லும் டோக்கன் போய்ச் சேர வேண்டிய முகவரி, அதிலுள்ள கையொப்பத்தைச் சரிபார்க்க ஒரு சான்றிதழ். இவற்றை ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் அடக்கிப் பரிமாறிக்கொள்ள மெட்டாடேட்டா என்ற ஏற்பாட்டைச் சாம்எல் 2.0 அன்றே வகுத்துவைத்திருக்கிறது. ஒரு பக்கம் கோப்பைக் கொடுத்து மறுபக்கம் வாங்கிக்கொண்டால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். நாங்கள் காசு கொடுத்து வாங்கியதில் அந்தக் கோப்பை ஏற்றவும் வழியில்லை, இறக்கவும் வழியில்லை; ஒவ்வொன்றையும் கையால் நகலெடுத்து ஒட்ட வேண்டும். ஒரு திரையில் என்டிட்டி ஐடி என்று இருப்பது மறு திரையில் ஆடியன்ஸ் என்று இருக்கிறது. சான்றிதழை அதன் தொடக்க வரியோடும் முடிவு வரியோடும் ஒட்டுவதா, அவற்றை நீக்கிவிட்டு ஒட்டுவதா என்று எங்கும் சொல்லவில்லை. முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் அத்தனையும் பாழ்.

பாழானதும் திரையில் வரும் செய்திதான் எல்லாவற்றுக்கும் சிகரம்: "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்." ஐயா, அந்த நிர்வாகி நான்தான்! கையொப்பம் பொருந்தவில்லையா, இரண்டு சர்வர்களின் கடிகாரங்களும் சில நிமிடங்கள் விலகியதால் டோக்கன் காலாவதி ஆகிவிட்டதா, மறுமொழி முழுவதற்கும் கையொப்பம் எதிர்பார்க்கும் இடத்துக்கு அதனுள்ளே ஊழியரை அடையாளம் காட்டும் உறுதிமொழிக்கு மட்டும் கையொப்பமிட்டு அனுப்பப்பட்டதா, ஊழியரின் மின்னஞ்சல் முகவரி இங்கே பெரிய எழுத்திலும் அங்கே சிறிய எழுத்திலும் பதிவாகியிருக்கிறதா, குழுவின் பெயர் வர வேண்டிய இடத்தில் யாருக்கும் புரியாத நீண்ட அடையாள எண் வந்து நிற்கிறதா என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அத்தனைக்கும் அதே ஒரு வாசகம். மறுக்கும் சர்வருக்குக் காரணம் தெரியும். தெரிந்ததனால்தான் மறுக்கிறது. அது வாயைத் திறக்காததால், பிரவுசரில் போய்வரும் போக்குவரத்தைப் பிடித்து, குறியாக்கத்தைப் பிரித்து, நீளமான எக்ஸ்எம்எல்லை வரி வரியாகப் படித்து, அதற்குத் தெரிந்ததை நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பாதுகாப்புக்காகத்தான் காரணத்தை வெளியிடுவதில்லை என்ற சமாதானமும் வரும். சரிபார்ப்பு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 2012-இல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு, 14 சாம்எல் செயலாக்கங்களைச் சோதித்து, 11-இல் எக்ஸ்எம்எல் கையொப்பச் சரிபார்ப்பை ஏமாற்றும் ஓட்டைகளைக் கண்டுபிடித்தது. வாசலில் நிற்கும் முன்பின் அறியாதவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டாம். முழு அதிகாரத்தோடு உள்ளே இருக்கும் நிர்வாகியின் பதிவேட்டில் அதை ஒரு வரியாக எழுதிவைப்பதற்கு என்ன தடை?

டிக்கெட் போட்டால் முதல் பதில், பிரவுசர் கேஷை அழித்துப் பார்க்கச் சொல்லும். அடுத்த பதில், அடையாளம் வழங்கும் நிறுவனத்தைக் கேட்கச் சொல்லும். அவர்களைக் கேட்டால், டோக்கனை ஒழுங்காக அனுப்பிவிட்டோம், இனி அது மென்பொருள் நிறுவனத்தின் பாடு என்கிறார்கள். இருவரும் சொல்வது அவரவர் அளவில் உண்மை என்பதுதான் கொடுமை. இந்தப் பந்தாட்டத்துக்கு நடுவே, பிரவுசர் போக்குவரத்து முழுவதையும் பதிவுசெய்த எச்ஏஆர் கோப்பை அனுப்பச் சொல்கிறார்கள். அந்தக் கோப்பில், கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும் செஷன் டோக்கன்கள் அப்படியே இருக்கும். அடையாளம் வழங்கும் நிறுவனங்களில் ஒன்றான ஒக்டாவின் சப்போர்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள், வாடிக்கையாளர்கள் அனுப்பிவைத்த இத்தகைய கோப்புகளைப் பார்த்ததாக அந்த நிறுவனமே 2023 அக்டோபரில் அறிவித்தது. அதற்குப் பிறகும், உள்ளே இருக்கும் டோக்கன்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை எச்சரிக்காமல் கேட்கும் துணிச்சலை என்னவென்று சொல்வது?

ஒருவழியாக இணைப்பு வேலை செய்தாலும் நிம்மதி இல்லை. அனைவருக்கும் கட்டாயமாக்கு என்று ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது. கணக்குப் பிரிவில் நான்கு பேருக்கு மட்டும் முதலில் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கு வசதி இல்லை. பொத்தானை அழுத்தியதும் கடவுச்சொல் வழி அனைவருக்கும் மூடிவிடும். இணைப்பில் கோளாறு வந்தால் நிர்வாகி உட்பட எல்லோரும் வெளியே நிற்க வேண்டியதுதான். கடவுச்சொல்லோடு ஓர் அவசரக் கணக்கை விட்டுவைப்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த பாலபாடம். அந்த விதிவிலக்கு இந்த மென்பொருளில் உண்டா இல்லையா என்ற கேள்விக்கே எழுத்துப்பூர்வமான பதில் வாங்க முடியவில்லை.

சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறதே, அது போகப்போகத்தான் தன் வேலையைக் காட்டும். அடையாளம் வழங்கும் பக்கம் சில ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் சான்றிதழை உருவாக்கித் தரும். அமைத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். நினைவூட்டல் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். ஏதோ ஒரு திங்கட்கிழமை காலை நிறுவனம் முழுவதும் அந்த நிர்வாகியைத் தொடர்புகொள்ளச் சொல்லும் வாசகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பழையதையும் புதியதையும் சில நாள்கள் ஒருசேர ஏற்றுக்கொள்ளும்படி செய்திருந்தால் மாற்றம் யாருக்கும் தெரியாமல் நடந்துவிடும். சாம்எல் மெட்டாடேட்டாவில் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றிதழ்களுக்கு இடமும் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தில் இருப்பதோ ஒரே ஒரு பெட்டி. ஆகவே நள்ளிரவில் இரண்டு திரைகளையும் திறந்துவைத்துக்கொண்டு, இங்கே மாற்றிய கையோடு அங்கேயும் மாற்ற வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பணமும் உழைப்பும் கொட்டியதற்கு முக்கியக் காரணம், வேலையை விட்டுப் போகிறவரின் அணுகலை அன்றே துண்டிப்பது. அதுவும் முழுமையாக நடப்பதில்லை. அடையாளம் வழங்கும் பக்கத்தில் கணக்கை முடக்கினால் புதிதாக உள்நுழைவதுதான் நிற்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனும், பிற நிரல்கள் உள்ளே நுழைவதற்காக அந்த ஊழியர் உருவாக்கிவைத்த ஏபிஐ சாவிகளும் தம்பாட்டுக்கு உயிரோடு இருக்கின்றன, அவருடைய இருக்கைக்கான சந்தாவும் கழிந்துகொண்டே இருக்கிறது. கணக்கைத் தானாக முடக்குவதற்கு ஸ்கிம் என்ற தனி நெறிமுறை இருக்கிறது, அதன் 2.0 பதிப்பு 2015 செப்டம்பரிலேயே இணைய நெறிமுறை ஆவணங்களான ஆர்எஃப்சி 7643, 7644 என வெளியாகிவிட்டது. அது வேண்டும் என்று கேட்டதற்கு, எண்டர்பிரைஸ் திட்டத்துக்கு மேல் இன்னொரு கூடுதல் தொகுப்பில் அது வருகிறது என்று விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறார்கள், மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டால் தள்ளுபடி உண்டு என்ற பெருந்தன்மையோடு.

அந்த விலைப்புள்ளியில் கையெழுத்து விழாது. கொள்முதல் பிரிவில் பேசிவிட்டேன்: இனி எந்த மென்பொருளானாலும், ஒற்றை உள்நுழைவும் ஸ்கிம்மும் நாம் வாங்கும் திட்டத்திலேயே அடங்குமா, மெட்டாடேட்டா கோப்பை ஏற்குமா, ஒரே நேரத்தில் இரண்டு சான்றிதழ்களுக்கு இடம் தருமா, உள்நுழைவு மறுக்கப்பட்ட காரணத்தை நிர்வாகிக்குக் காட்டுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகுதான் விலையைப் பற்றிய பேச்சே தொடங்கும். இப்போதைய ஒப்பந்தம் புதுப்பித்தலுக்கு வரும்போதும் இதே நான்கு கேள்விகள்தான் முதலில் போகும்.