நம் குரலுக்கு நாமே செய்யும் கரோக்கி

மும்பையில் நம் ஆட்கள் கூடுகிற எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் சரி, பொங்கலோ, சொசைட்டி கணபதியோ, கல்யாண ரிசப்ஷனோ, இப்போதெல்லாம் ஒரு கரோக்கி மைக் வந்துவிடுகிறது. நன்றாகப் பாடுகிறவர்கள்கூட அதில் திணறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். குறை அவர்கள் தொண்டையில் இல்லை, ட்ராக்கில், அதாவது பாடகர் குரல் இல்லாத பின்னணி இசையில் இருக்கிறது. யூடியூபிலிருந்து எடுத்த ட்ராக், சினிமாவில் பாடியவரின் சுருதியில் இருக்கும். எஸ்.ஜானகிக்கு எட்டிய இடம் நமக்கும் எட்டித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? பாட்டில் உண்மையான ஆசை இருக்கிறவர்கள் தங்கள் சுருதிக்கு ஏற்ற ட்ராக்கை வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கரோக்கி வளர்ந்து வந்த கதையிலேயே இது இருக்கிறது. ஜப்பானில் கோபே நகரத்து பார்களில், பாட வருகிறவர்களுக்குப் பின்னணி வாசித்துக்கொண்டிருந்தவர் இனோவே டைசுகே. வாடிக்கையாக வரும் ஒரு முதலாளி, தான் போகும் வெளியூருக்கும் கூட வந்து வாசிக்கும்படி கேட்டார். இவரால் போக முடியவில்லை. அந்த மனிதர் பாடுகிற தோதுக்கு வாசித்து, டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனையை வைத்துத்தான் 1971-இல் காசு போட்டால் இசை வரும் பெட்டிகளைச் செய்து பார்களுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமைகூட வாங்கவில்லை. ஒரு ஆளின் குரலுக்காகச் செய்த டேப், பிறகு எல்லாருக்கும் ஒரே அளவாகிப் போனது.

சரி, பாட்டிலிருந்து குரலை எடுப்பது எப்படி? பழைய வழி ஒன்று உண்டு. ஸ்டீரியோ பதிவில் பாடகரின் குரல் பெரும்பாலும் நடுவில், இடது வலது இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும். ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால் நடுவில் இருப்பது அழிந்துவிடும். கூடவே நடுவில் இருக்கும் பேஸும் டிரம்ஸும் போய்விடும், குரலின் எதிரொலி மட்டும் ஆவி மாதிரி மிச்சம் நிற்கும். 1970-களின் கடைசி வரை நம் பாடல்கள் பெரும்பாலும் மோனோ, இடது வலது பிரிவில்லாமல் ஒரே தடத்தில் பதிந்தவை என்பதால் அவற்றில் இந்த வழி எடுபடவே எடுபடாது.

நிலைமை மாறியது 2019-இல், இணையத்தில் பாட்டு கேட்கும் சேவை நடத்தும் டீசர் நிறுவனம், குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டபோது. அதே வேலையைச் செய்யும் மெட்டாவின் டெமக்ஸும் வந்தது. அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டால் கட்டளை எதுவும் எழுதாமல் பட்டனை அழுத்தியே வேலை முடியும். மோனோ பாட்டும் பிரியும். சாதாரண லேப்டாப் போதும், கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் எதுவும் வாங்க வேண்டாம், ஒரு நல்ல ஹெட்போன் இருந்தால் சரி.

ஆனால் பட்டனை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இத்தகைய மென்பொருள்களுக்குப் பிரிக்கக் கற்றுக்கொடுக்கவும் அவற்றைச் சோதிக்கவும் பரவலாகப் பயன்படுகிற மியூஸ்டிபி18 தொகுப்பில் இருப்பவை 150 பாடல்கள், பெரும்பாலும் மேற்கத்திய பாப்பும் ராக்கும். குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நாலாகப் பிரிக்கும் கணக்கும் அந்த இசைக்கு ஏற்றது. நம் பாட்டில் தபலா என்ன ஆகிறது தெரியுமா? வலது கைச் சொற்கள் டிரம்ஸில் போகும், இடது கையின் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி பேஸில் போய் உட்காரும். வீணையோ வயலினோ கமகத்தோடு, அதாவது சுரத்தை அசைத்து இழையும்போது அதையும் மனிதக் குரல் என்று எடுத்துக்கொண்டு, இன்டர்லூடில், அதாவது இடையிசையில் பாதியைத் தின்றுவிடும். கோரஸ், ஹம்மிங் எல்லாம் குரல்தானே, அவையும் காணாமல் போகும்.

இதற்கு மருந்து எளிது. அசல் பாட்டையும் குரல் நீக்கிய கோப்பையும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். இரண்டும் வேவ் கோப்பாக இருந்தால் இம்மி பிசகாமல் பொருந்தும். பாடகர் பாடாத இடங்களில் எல்லாம் அசலையே விட்டுவிடுங்கள், அவர் வாய் திறக்கும் இடத்தில் மட்டும் மற்றதற்கு மாறுங்கள். ஒட்டு தெரியாமல் இருக்க, மாறும் இடத்தில் ஒன்றைக் குறைத்து மற்றதை ஏற்றினால் போதும். இன்டர்லூட் முழுதாக, வாசித்தவர்கள் வாசித்தபடியே கிடைக்கும். அந்தக் கலைஞர்களுக்கு இந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா?

அடுத்தது சுருதி. எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடி மாமி ஒருவர், சின்ன வயதில் முறையாகப் பாட்டு கற்றவர். ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) இருக்கும் பாட்டை அந்த ட்ராக்கிலேயே பாடிவந்தார். சரணத்தில் மேல் ஷட்ஜம் வந்தால் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். வயது ஏற ஏறக் குரல் கீழே இறங்குவது இயல்புதானே. நாலு கட்டைக்கு இறக்கிப் பார்த்தோம். ஐந்தரை, ஐந்து, நாலரை, நாலு: மூன்றே செமிடோன், அதாவது மூன்று படி. இப்போது அதே இடத்தில் நின்று, நீட்டிப் பாடுகிறார். இரண்டாவது சரணத்தில் ஒரு சின்ன பிருகாகூட, அந்த வேகமான சுர உருட்டல்கூட வந்தது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

மூன்று நாலு செமிடோனுக்கு மேல் போனால் வாத்தியங்கள் கார்ட்டூன் மாதிரி ஒலிக்கத் தொடங்கும். வெறும் டிரம் செட் உள்ள பாட்டு என்றால் டிரம்ஸைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் மாற்றலாம், கேட்க நன்றாக இருக்கும். தபலாவும் மிருதங்கமும் அப்படி இல்லை. சுருதி சேர்த்து வாசிப்பவை என்பதால் அவற்றையும் சேர்த்தே இறக்க வேண்டும்.

பிரித்த குரலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு அதுதான் புதையல். பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த மெய்யெழுத்தை மெதுவாகத் தொட்டுவிட்டுப் போகிறார் என்பதெல்லாம் வாத்தியம் இல்லாமல் கேட்கும்போது பளிச்சென்று தெரிகிறது. இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகளில் ல, ள, ழ குழப்பம் ஏராளம். இந்தக் குரலைக் கேட்டு நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வரிகளைத் திரையில் காட்டுவதற்கான ஏஜிசப் மென்பொருளில் ஒவ்வொரு அசைக்கும் நேரம் குறிக்கலாம், நூறில் ஒரு பங்கு நொடி வரை. பாட வேண்டிய வரி ஒரு நொடியாவது முன்னாலேயே திரையில் வந்துவிட வேண்டும்.

வரிகளைத் தமிழ் எழுத்தில்தான் போட வேண்டும் என்பேன். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்காகக் கீழே இன்னொரு வரி தேவநாகரியில் கொடுக்கிறேன். மராத்தியில் ள இருப்பதால் அது தகராறு இல்லாமல் வந்துவிடுகிறது, ழ-வுக்கு மட்டும் வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டும். மேலே தமிழ், கீழே தேவநாகரி என்று பார்த்துப் பார்த்தே எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்ட பிள்ளைகள் எங்கள் மாடியிலேயே இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும். ஒலிப்பதிவின் உரிமை வெளியாகி 60 ஆண்டு வரை நீடிக்கும், பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு. செய்ததை யூடியூபில் ஏற்றாதீர்கள், விற்காதீர்கள். வீட்டில் பாடுங்கள்.

செம்பூர், மாட்டுங்கா, சயான் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் பாட்டையும் கட்டையையும் கமெண்டில் எழுதுங்கள். கட்டை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ட்ராக் எதுவும் இல்லாமல் போனில் இரண்டு வரி பாடிப் பதிந்து அனுப்புங்கள், கண்டுபிடித்துவிடலாம். ஞாயிறு சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். நான் செய்து கொடுக்க மாட்டேன், உங்கள் ட்ராக்கை நீங்கள்தான் செய்ய வேண்டும்.