ரோசாப்பூ துரையை விட்டுவிட்டீர்கள்

மதுரையில் புதைக்கப்பட்ட பெரியோர்களைப் பற்றிய உங்கள் கட்டுரை, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட, மதுரையை ஆண்ட கான்சாகிபின் சம்மட்டிபுரம் தர்காவையும் கோரிப்பாளையம் தர்காவையும் விரிவாகச் சொல்லிவிட்டு, கீழவாசல் கல்லறைத் தோட்டத்தைக் கண்டுகொள்ளாமலே போயிருப்பது எனக்குக் குறையாகப் படுகிறது. 1938 மார்ச் 5 அன்று அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் காலமான ரோசாப்பூ துரை என்கிற பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். செங்கன்னூரில் 1887-இல் பிறந்த மலையாளியான அவர், மதுரையில் வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டே ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்க உதவினார். காந்தியடிகளின் 'யங் இந்தியா' இதழுக்கும் சில காலம் ஆசிரியராக இருந்தார்.

ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் அவரை நினைப்பது இவற்றுக்காக அல்ல. சில சாதியாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக நடத்திய வெள்ளையர் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள்; ஒரு குற்றமும் செய்யாத ஆண்பிள்ளை கைரேகை பதிந்துவிட்டு, இரவானால் காவலர்களின் கண்பார்வையில் போய்ப் படுக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் வாதாடியவருக்கு அவர்களே இட்ட பெயர்தான் ரோசாப்பூ துரை. (எங்கள் உறவிலேயே ரோசாப்பூ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பெரியப்பா இருந்தார்.) சட்டம் 1947-இல்தான் நீங்கியது, அதைப் பார்க்க அவர் இல்லை. யானைக்கல்லில் உள்ள அவருடைய சிலைக்கு மாலை விழுகிற நாளில்கூட, சற்றுத் தள்ளிக் கீழவாசலில் இருக்கும் கல்லறையை விசாரிப்பவர்கள் குறைவு. கட்டுரையைத் திருத்தும்போது அவருக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.