நோயாளிக்கு ஒரு வில்லன் வேஷம் குடுங்கோ

வன்னியில் நான் பார்த்த விழிப்புணர்வு நாடகங்களில் நோயாளி என்றால் ஒரு பாயும் ஒரு தலையணையும்தான். ஆள் படுத்திருப்பார், மனைவி அழுவா, மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப மாட்டான், கடைசியில் ஒரு உத்தியோகத்தர் வந்து புத்தி சொல்வார். கைதட்டு. நோய் வந்த ஆள் பகிடிக்காரனாகவோ, ஊரை ஏய்க்கிறவனாகவோ, காணி விழுங்கியாகவோ மேடையில் ஏறி நான் கண்டதில்லை. இது பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எழுத வைத்தவர் எங்கள் ஊர் மாஸ்டர் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில் சின்ன வயதிலேயே காலில் சலங்கை கட்டியவர். பிறகு பள்ளிக்கூடத்துக்கும் சனசமூக நிலையத்துக்கும் நாடகம் எழுதிக் குடுத்தார். சில வருடங்களாக அவருக்குப் பாக்கின்சன் வருத்தம். முதலில் வலது கை மட்டும் நடுங்கியது. ஊர் என்ன கதைத்தது தெரியுமா? "மாஸ்டர் இப்ப தண்ணியிலபோல கிடக்கு." கள்ளுக் கொட்டில் பக்கமே போகாத மனிசன். அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு வரும்போது அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டுதான் வந்தார்.

அவர் நாடகம் எழுதுகிற சீ.ஆர். கொப்பியைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் நல்ல பெரிய எழுத்தில் தொடங்குகிறது. போகப் போகச் சிறுத்து, ஓரத்துக்கு வரும்போது கடுகு அளவில் முடிகிறது. பாக்கின்சனின் அடையாளங்களில் இதுவும் ஒன்று. மூளையில் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கிற கலங்கள் குறையக் குறைய அசைவுகள் எல்லாமே இப்படிச் சிறுத்துக்கொண்டு வரும். நடையில் காலடி சுருங்கும், குரல் தணியும், முகம் இறுகும். உள்ளே சிரிப்பு இருக்கும், முகத்துக்கு வந்து சேராது. ஒரு கூத்துக்காரனுக்கு முகமும் குரலும் காலும் போனால் மிச்சம் என்ன என்று கேட்பீர்கள். மாஸ்டரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, இங்கே மைக்கேல் ஜே. ஃபாக்ஸின் கதைக்கு வருகிறேன். ஹொலிவூட் நடிகர் என்றாலும் ஆள் பிறந்தது கனடாவில், 1961 இல், எட்மன்டனில். எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் போய் இருக்கிற நாடுதானே. 1985 இல் வந்த 'பேக் டு த ஃபியூச்சர்' படம் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இடது கைச் சின்னவிரலில் தொடங்கிய துடிப்பு பாக்கின்சன் என்று 1991 இல் வைத்தியர்கள் சொல்லும்போது அவருக்கு வயது 29. 1998 வரை வெளியே சொல்லவில்லை. கமெரா ஓடுகிற நேரத்தில் மருந்து வேலை செய்யும்படி கணக்குப் பண்ணிக் குளிசை போட்டார். காட்சி முழுக்க இடது கையில் ஏதாவது ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கதாபாத்திரத்துக்கு மேலே 'சுகமான ஆள்' என்ற இன்னொரு வேஷம். அதற்குச் சம்பளமும் இல்லை, கைதட்டும் இல்லை. எங்கள் மாஸ்டரின் காற்சட்டைப் பையும் இதே வேலையைத்தான் செய்தது.

2000 இல், அப்போது நடித்துக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடரை விட்டார். அதே வருடம் பாக்கின்சன் ஆராய்ச்சிக்காக ஒரு அறக்கட்டளை தொடங்கினார். இதுவரை 200 கோடி டொலருக்கு மேல் ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறது. பெரிய விஷயம்தான். எங்கள் ஆட்கள் இவரைப் பற்றி எழுதினால் இந்த இடத்தில் "தன்னம்பிக்கை நாயகன்" என்று போட்டு, கும்பிடுகிற கைப்படம் ஒன்றும் வைத்து முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேஷங்கள்.

2010 இலிருந்து 'த குட் வைஃப்' தொடரில் லூயிஸ் கனிங் என்ற சட்டத்தரணியாக வந்தார். கனிங்குக்கும் ஒரு நரம்பு வருத்தம், உடம்பு தானாக ஆடும். ஆள் நல்லவன் இல்லை. ஜூரிமாருக்கு முன்னால் தன் வருத்தத்தையே காட்டி, அவர்களின் இரக்கத்தைப் பிடுங்கி வழக்கை வெல்கிற தந்திரக்காரன். அடுத்த வருடம் ஒரு நகைச்சுவைத் தொடரில் மைக்கேல் ஜே. ஃபாக்ஸாகவே வந்தார். கதாநாயகனுக்கு ஒரு சோடாவை எடுத்துக் குடுக்கிறார், திறந்ததும் அது அவன் மூஞ்சியெல்லாம் அடிக்கிறது. வருத்தத்தால் குலுங்கியதா, வேண்டுமென்று குலுக்கினாரா என்று அவன் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறான். பார்க்கிற எங்களுக்கும் தெரியாது. பரிதாபப்படவே விடுகிறார் இல்லை அந்த மனிசன்.

இன்னொரு விஷயம். அவர் உடம்பு வளைந்து நெளிந்து ஆடுவதை எல்லோரும் வருத்தம் என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பாக்கின்சனுக்குக் குடுக்கிற லெவோடோபா மருந்தை நெடுங்காலம் எடுப்பதால் வருகிற ஆட்டம். மருந்து இல்லாவிட்டால் ஆள் உறைந்துபோவார், மருந்து ஏறினால் ஆடுவார். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் வேலை செய்கிற நேரம்.

"ஃபாக்ஸிடம் காசு இருந்தது, அவருக்காகக் கதை எழுத ஆட்கள் இருந்தார்கள், மாஸ்டருக்கு யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போய்வர பஸ் காசே பெரும்பாடு" என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. அந்தக் காசை நான் இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் ஒரு வேஷத்தை மாற்றி எழுத என்ன காசு? கூத்து விடிய விடியத்தான் ஆட வேண்டும், ஒத்திகை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்று ஆர் சட்டம் போட்டது? மீனும் பருப்புமாக புரதத்தை வயிறுமுட்டச் சாப்பிட்டால் அந்த லெவோடோபா சரியாக ஏறாது. இது தெரியாமல் அவரை இரவு எட்டரைக்குக் கூப்பிட்டு, "மாஸ்டர் முந்தின மாதிரி இல்லை" என்று ஒரு பொன்னாடையைப் போர்த்தி மூலையில் இருத்துகிறோம். பொன்னாடை என்றால் எங்கள் ஊரில் பென்சன் கடிதம். குரல் தணிந்தால் சட்டையில் ஒரு சின்ன மைக் குத்தலாம். பாட்டு மறந்தால் பிற்பாட்டுக்காரர் எதற்கு இருக்கிறார்?

வருத்தத்தை மறைக்க வேறு காரணமும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் கலியாண வயதில் பிள்ளை இருந்தால் "இது பரம்பரை வருத்தமோ?" என்ற கேள்வி தரகர் வாயிலிருந்துதான் முதலில் வரும். பாக்கின்சன் வந்த ஆட்களில் பெரும்பாலானோருக்கு அது பரம்பரையாக வந்ததில்லை. ஆனால் இதை ஒரு வைத்தியர் சொல்லி ஊர் நம்புவதை விட, மாஸ்டர் நடுங்கிக்கொண்டே மேடையில் நின்று சனத்தைச் சிரிக்க வைத்தால் கெதியாக நம்பும்.

இனி, மாஸ்டர் இப்போது எழுதுகிற நாடகத்துக்கு வருகிறேன். அவருடைய கையெழுத்துச் சிறுத்துப்போனதால் ஒரு வங்கியில் "பழைய கையெழுத்தோட பொருந்தேல்ல ஐயா" என்று பென்சன் காசை மறித்துவிட்டார்கள். வேறு ஆள் என்றால் முகநூலில் திட்டியிருப்பார். இவர் அதை ஒரு காட்சியாக்கிவிட்டார். காணித் தரகர் ஒருவர், கை நடுங்குகிறவர். காணி உறுதி எழுதும்போது பக்கத்தில் நிற்கிற பெடியனிடம், "தம்பி, என்ர கை நடுங்குது, நீ ஒருக்கா இதில கையெழுத்து வைச்சுவிடு ராசா" என்று கெஞ்சுகிறார். பெடியன் இரக்கப்பட்டு வைக்கிறான். ஏழாம் காட்சியில் பார்த்தால் கள்ள உறுதியில் இருப்பது பெடியனின் கையெழுத்து, தரகர் சுத்தமான ஆள். பேத்தியின் போனுக்கு மாஸ்டர் வசனத்தைச் சொல்ல, அவள் தட்டித் தருகிறாள். நடுவில் பேத்தியே நிறுத்தி, "அப்பப்பா, நீங்கள் இவ்வளவு கெட்டவரா?" என்று கேட்டிருக்கிறாள். மனிசனுக்கு அப்படிச் சந்தோசம்.

சனசமூக நிலையத்துக் கூட்டத்தில் இதை வாசித்தபோது ஒருவர் எழும்பி, "வருத்தக்காரரை இப்பிடிக் காட்டினா சனம் என்ன நினைக்கும்?" என்றார். சனம் சிரிக்கும், பயப்படும், அடுத்த தேர்தலுக்கு இந்தத் தரகரையே நிற்கச் சொல்லும். பாயில் கிடத்துவதை விட இது மரியாதை. இன்னொருவரின் யோசனைதான் எனக்கு வயிற்றெரிச்சல்: மாஸ்டர் எழுதட்டும், தரகர் வேஷத்தை ஒரு இளம் பெடியனுக்குக் குடுப்போம், அவன் நடுங்கி நடிப்பான்.

நடுங்கிற ஆள் முன்வரிசையில் இருக்க, நடுங்காதவன் மேடையில் நடுங்குவதா? நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. தரகர் வேஷம் மாஸ்டருக்கு. ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு, அவருடைய குளிசை வேலை செய்கிற நேரத்துக்கு. மத்தளகாரருக்கு அந்த நேரம் தோட்டத்தில் தண்ணி இறைக்க வேண்டுமாம். அவருக்குப் பதிலாக இறைக்க ஆர் வருகிறீர்கள் என்று கீழே சொல்லுங்கோ.